வெள்ளத்தில் நின்ற வேன்

பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் கேட்டால், முதலில் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கச் சொல்வேன். கொஞ்சம் இழுத்தால் போதாது. சுருளில் உள்ளது முழுவதும் வெளியே வர வேண்டும். விற்பவன் இருக்கையைக் கழுவுவான், தரைவிரிப்பை மாற்றுவான், கூரைத் துணியைக்கூட மாற்றுவான். பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால் அங்கே ஒரு கோடு இருக்கும். அதற்கு அப்பால் துணி மண் நிறத்தில் விறைத்திருக்கும்.

அப்பா வாங்கிய வேனில் அந்தக் கோடு இருந்தது.

அப்பாவின் பெயர் வைரவன். கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், மேல் பிரிவு லயத்தில், ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்தார். இளவயதில் கொழுந்து லொறியில் கிளீனராகச் சேர்ந்தார். சாரதி நோயில் படுத்த ஒரு மழைக்காலத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்தவர், ஓய்வு பெறும்வரை விடவில்லை. மலைக்கு மலை கொழுந்து நிறுக்கும் மடுவங்களில் நின்று சாக்குகளை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவது வேலை. மாலையில் லொறி தொழிற்சாலைக் கொட்டகையில் நிற்கும். அவர் நடந்து வீட்டுக்கு வருவார். வாழ்நாள் முழுக்க வாகனம் ஓட்டியவர், சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்திருந்ததில்லை.

மழை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை லொறியில் ஏற்றிக்கொள்வார். தோட்டத்து விதிப்படி அது கூடாது. தோட்ட நிர்வாகியான துரை கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சொல்வார்:

"மேல உக்காந்து வந்தா கொழுந்து நசுங்கிப் போகுமாம். புள்ளைங்க நனைஞ்சா என்ன ஆகும்னு தொர சொல்லல."

மறுநாள் மழை பெய்தால் மறுபடியும் ஏற்றிக்கொள்வார்.

மேல் பிரிவுப் பிள்ளைகள் குறுக்குப் பாதையில் இறங்கிப் பிரதான வீதிக்கு வர வேண்டும். வழியெல்லாம் காலில் அட்டை ஏறும். வீதிக்கு வந்தால் பஸ் நிறைந்து வரும். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் வெள்ளைச் சீருடையைக் கண்டால் சாரதி வேகத்தைக் கூட்டுவான். பாதிப் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சை வரும் முன்னரே படிப்பை நிறுத்திவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓய்வு பெற்றதும் ஒரு வேன் வாங்கி அந்தப் பிள்ளைகளைக் கொட்டகலைக்கு ஏற்றி இறக்குவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். பெற்றோர்களிடமும் சொல்லி வைத்திருந்தார். சேமலாப நிதி கைக்கு வந்தபோது அம்மா தனலெட்சுமி கூரைத் தகரத்தை மாற்றலாம் என்றார். பிறகு அவரே விட்டுக்கொடுத்தார். "வண்டி இல்லாம இந்த மனுசனுக்குக் கை சும்மா இருக்காது. வாங்கட்டும்" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படித்தேன். கொழும்பில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக வாகனங்களைப் பரிசோதிக்கிறேன். மோதியது, எரிந்தது, வெள்ளத்தில் மூழ்கியது எல்லாம் என்னிடம் வரும். திருத்தலாமா, முழு நட்டம் என்று கணக்கை மூடுவதா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. அப்பா என்னைப் பற்றிப் பிறரிடம் சொல்லும்போது "எம் மக கிருஷாந்தி, வண்டிக்கு டொக்டரு" என்பார்.

முழு நட்டம் என்று நாங்கள் எழுதிய வாகனங்கள் உதிரிக்காக ஏலத்தில் போகும். சில உதிரியாகப் போவதில்லை. காய வைத்து, கழுவி, பூசி, வேறொரு வாகனத்தின் இலக்கத்தை மாட்டி வீதிக்கு விடுகிறார்கள். அப்பா வேன் வாங்கிய வருடம் கொழும்பை ஒட்டிய தாழ்நிலங்களில் வெள்ளம் நாட்கணக்கில் நின்றது. புது வாகனம் வாங்கக்கூடிய விலையில் இல்லை. பழைய வேன்களுக்கு ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். மூழ்கியவை எல்லாம் எங்கோ ஒரு சந்தையில் மிதந்து வரும் என்று எங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று எங்கள் லயத்துக்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

அதைக் கொண்டு வந்தவன் சுதாகரன். லயத்தில் எங்கள் வீடான காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் ராக்காயி அத்தையின் ஒரே மகன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். வத்தளைப் பக்கம் போய் வாகனம் வாங்கி விற்கும் தொழிலில் இருந்தான். மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன் வேனை ஓட்டிக்கொண்டே வந்தான். சாம்பல் நிறம், பளபளப்பான பெயின்ட், உள்ளே புது விரிப்பு. வேறு யாருக்கும் காட்டவில்லை, மாமாவுக்கென்றே எடுத்து வைத்தேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

அப்பா உடனே தொலைபேசியில் எனக்குப் பேசினார். சனிக்கிழமை வருகிறேன், பார்த்துவிட்டு வாங்கலாம் என்றேன். சரி என்றார். ஆனால் நானுஓயாவில் ஒருவர் கையில் காசோடு நிற்பதாகச் சுதாகரன் சொன்னான். வெள்ளிக்கிழமை நல்ல நாளாகவும் இருந்தது. அப்பா தானே பார்த்து வாங்கிவிட்டார்.

அவர் பார்க்காமல் வாங்கவில்லை. மலையில் லொறி ஓட்டியவர் எதைப் பார்ப்பாரோ அதையெல்லாம் பார்த்தார். அக்கம்பக்கத்து ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு மேல் பிரிவு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறினார். நடு ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி நின்றார். வேன் நகரவில்லை. இறக்கத்தில் பிரேக் சூடாகிறதா என்று சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். புகையின் நிறத்தையும் எண்ணெயையும் பார்த்தார்.

"மூச்சே வாங்கல பாப்பா" என்றார் என்னிடம். "நம்ம லொறி அந்த ஏத்தத்துல அழுவும். இது பாட்டுக்குப் போகுது."

எங்கள் மலையில் தண்ணீர் நிற்பதில்லை. மண்ணைச் சரிக்கும், பாதையை அறுக்கும், லயத்தின் மேல் விழும். ஆனால் எதையும் ஊறவைத்துக்கொண்டு நிற்காது. ஒரு வாகனம் கழுத்தளவு சேற்றில் நாட்கணக்கில் கிடப்பதை எங்கள் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. பார்க்காத நோயை அவர் தேடவில்லை.

பெயர் மாற்றம் இன்னொரு சிக்கல். வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் இருந்தது குருநாகல் பக்கம் உள்ள ஒருவரின் பெயர். அவர் கையெழுத்து என்று சொல்லப்பட்ட ஒன்றோடு, வாங்குபவரின் இடம் வெறுமையாக விட்ட பத்திரங்களைச் சுதாகரன் கொடுத்தான். ஓப்பன் பேப்பர் என்பார்கள். பெயரை மாற்றாமலே வைத்திருந்து, விற்கும்போது அடுத்தவருக்கு அப்படியே கொடுத்துவிடலாம். நாடு முழுக்க நடக்கிறது. என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: புத்தகத்தில் பெயருள்ள ஆளை நேரில் பார்க்காமல், அவருடைய அடையாள அட்டையைப் பார்க்காமல், சாவியைக் கையில் வாங்காதீர்கள்.

அப்பா ஏன் சம்மதித்தார் என்று கேட்டவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்கள் அல்ல. எங்கள் விலாசம் தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், கொட்டகலை. அவ்வளவுதான். வீட்டு இலக்கம் கிடையாது. பிரிவில் அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே விலாசம். கடிதம் தோட்ட ஒப்பீசுக்கு வரும். அங்கே கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் கொண்டு வருவார்கள். என் கல்லூரி நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்தது. அடுத்த வருடம்தான் சேர்ந்தேன். அப்பாவின் அடையாள அட்டை வேறொரு வைரவனிடம் போய்த் திரும்பி வந்தது. ஆகவே சுதாகரன் சொன்னது அவருக்கு நம்பக் கூடியதாக இருந்தது.

"பேர மாத்தி லயத்து விலாசத்துக்கு அனுப்பச் சொன்னா, புத்தகம் ஒப்பீசுலயே கெடந்து மக்கிப் போகும் மாமா. கையில இருக்கிறது கையிலயே இருக்கட்டும்."

அது பொய் இல்லை. அதனால்தான் எடுபட்டது.

சனிக்கிழமை நான் போனபோது வேன் கோயிலடியில் நின்றது. கண்ணாடியில் விபூதிப் பட்டை, மூக்கில் செவ்வந்தி மாலை, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். பின் கண்ணாடியில் 'பாடசாலைச் சேவை' என்று எழுதியாகிவிட்டது. கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் முகத்தில் அடித்தது. ஒரு வேனுக்கு அவ்வளவு வாசனை தேவையில்லை.

முன் விளக்கின் உள்பக்கத்தில் மெல்லிய மண்கோடு. இருக்கையைத் தரையோடு பிணைத்த ஆணிகளில் துரு. உபரிச் சக்கரத்தைத் தூக்கினேன். அதன் குழியில் மாவு போன்ற வண்டல். ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால் ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. அப்பா கையில் துடைக்கும் துணியோடு பின்னாலேயே வந்தார்.

"என்ன டொக்டரம்மா, நாடி பாத்து முடிஞ்சிச்சா? உசுரு இருக்குல்ல?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பிடித்தேன். அவர் வந்து பார்த்தார். கோட்டை விரலால் தேய்த்தார். விரலில் மண் வந்தது.

வெள்ளத்தில் நின்ற வேன் என்றேன். மழையில் நனையாத வண்டி எது என்று கேட்டார். நனைவது வேறு, மூழ்குவது வேறு என்று விளக்கினேன். சேற்றுத் தண்ணீர் வயர் மூட்டுகளுக்குள் போய்விடும். வெளியே காய்ந்துவிடும், உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். இன்று ஓடும். ஆறு மாதத்தில் ஒரு நாள் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்பகுதி செத்துப் போகலாம், ஸ்டீரிங் இறுகலாம், எயார் பேக் தானாக வெடிக்கலாம். எது, எப்போது என்று நானும் சொல்ல முடியாது. எல்லா வயரையும் மாற்றினால் வேனின் விலையைவிட அதிகமாகும். நாங்கள் இதை முழு நட்டம் என்று எழுதுவோம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"புள்ளைங்கள ஏத்தலாமா?"

"ஏத்தக் கூடாதுப்பா."

துணியை மடித்து டாஷ்போட்டில் வைத்தார். அன்றே ஒவ்வொரு காம்பராவாகப் போய், வேன் வராது என்று பெற்றோர்களிடம் சொன்னார். காரணத்தையும் சொன்னார். அது தப்பாகப் போயிற்று. திங்கட்கிழமை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் அம்மாவிடம், வைரவண்ணன் கப்பல் எப்ப கெளம்புது என்று கேட்டார்கள். அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்.

சுதாகரனுக்குப் பேசினோம். வந்தான். தனக்குத் தெரியாது என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தான். அவனுக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. காசைத் திருப்பிக் கேட்டதற்கு, அது கைமாறிப் போய்விட்டது என்றான். பிறகு ஒரு வழி சொன்னான். நானுஓயா ஆள் இன்னும் வேன் தேடுகிறார், அதே பேப்பரோடு அவருக்குக் கொடுத்துவிடலாம்.

"நீங்க வாங்கின மாதிரியே அவரும் வாங்கிட்டுப் போகட்டுமே மாமா. நீங்களா தண்ணிக்குள்ள எறக்குனீங்க?"

அம்மா அதுதான் சரி என்றார். நான் கூடாது என்றேன். அப்பா மறுநாள் வேனை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

நானுஓயா ஸ்டேஷனடியில் அந்த ஆள் காத்திருந்தார். பெயர் மதுசூதனன். நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்குபவர். நல்லவராகத் தெரிந்தார். வேனைச் சுற்றி வந்தார், ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தார், திருப்தியாக இறங்கினார். விலையைக் கேட்க வாயெடுத்த நேரத்தில் அப்பா சொன்னார்:

"தம்பி, இது வெள்ளத்துல கெடந்த வண்டி. ஆள் ஏத்துற தொழிலுக்கு ஆகாது. எம் மகதான் கண்டுபுடிச்சா."

மதுசூதனன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "விக்க வந்தவரு வாயால இப்படிக் கேக்கிறது இதுதான் மொதத் தடவ" என்றார். கடைக்குக் கூட்டிப் போய் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். விடைபெறும்போது, புத்தகத்தில் உள்ள ஆளையாவது பார்த்தீர்களா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

நான் அன்றே வேனின் அடியில் படுத்துச் சேஸிஸ் இலக்கத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் உள்ள அதே இலக்கம். ஆனால் அதைச் சுற்றி பெயின்ட் புதிது. சுரண்டினால் நான்கு பக்கமும் பற்றவைத்த தழும்பு. வேன் செய்த தொழிற்சாலையில் அடித்த இலக்கம் அடிச்சட்டகத்திலேயே இருக்கும், தகடாக ஒட்டியிருக்காது. குருநாகலில் வேலை செய்யும் நண்பர் ஒருவரைப் புத்தகத்தில் இருந்த விலாசத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு படம் அனுப்பினார். முற்றத்தில் ஒரு சாம்பல் நிற வேன். எங்கள் இலக்கம். அதன் சொந்தக்காரர் யாருக்கும் எதையும் விற்கவில்லை, எதிலும் கையெழுத்து வைக்கவும் இல்லை. தான் போகாத ஊரில் நடந்த வீதிக் குற்றத்துக்குத் தண்டப்பணம் கட்டச் சொல்லித் தனக்கு அறிவித்தல் வந்ததால் ஏற்கெனவே பொலிஸில் முறையிட்டிருந்தார்.

ஒரே இலக்கத்தில் இரண்டு வேன். ஒன்று உண்மை. எங்களுடையது பொய்.

பொலிஸ் தேடி வருவதற்கு முன் நாமே போய் ஒப்படைப்போம், யாரிடம் வாங்கியது என்று சொல்லிவிடுவோம் என்றேன். அப்படிச் செய்தால் அப்பா ஏமாற்றப்பட்டவர். சாட்சி. அவ்வளவுதான். அப்பாவும் சரி என்றார். எங்கள் பேச்சு லயத்துச் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். ராக்காயி அத்தை வந்து எங்கள் இஸ்தோப்பில், முன் திண்ணையில், உட்கார்ந்தார். நான் பிறந்த பின் அம்மா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குப் பால் கொடுத்தவர் அவர். கணவர் இல்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணே, எம் புள்ள பேர மட்டும் சொல்லிறாதீங்க. அவனே வந்து சொல்லுவான். நான் சொல்ல வக்கிறேன்."

அப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

அட்டன் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். யாரிடம் வாங்கினீர்கள்? அட்டன் பஸாரில் ஒரு ஆளிடம் என்றார் அப்பா. பெயர்? தெரியாது மாத்தயா. விலாசம்? தெரியாது. நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வெளியே வந்ததும் சொன்னார்:

"நீ இப்ப சொன்னா நான் பொய் சொன்னவனா நிப்பேன் பாப்பா. அவன் வரட்டும்."

விற்றவர் பெயர் தெரியாமல் வேன் வாங்கியவரை யார் நம்புவார்கள்? போலி இலக்கத்துடனும் போலிப் புத்தகத்துடனும் வாகனம் வைத்திருந்ததாக வழக்குப் போட்டார்கள். சரீரப் பிணையில் விட்டார்கள். வேன் பொலிஸ் நிலைய வளவில் நின்றது. தார்ப்பாய் இல்லாமல் மழையில் நின்றது.

நீதிமன்றத் தவணை மேல் தவணை போனது. ஒவ்வொரு தவணைக்கும் அப்பா வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் அட்டனுக்குப் போவார். அவர் பெயரைக் கூப்பிடுவார்கள். எழுந்து நிற்பார். அடுத்த திகதி சொல்வார்கள். எங்கள் சட்டத்தரணி சுலக்ஷனா இளம் வயது, திறமையானவர், மலைப் பிள்ளைதான். பெயரைக் கொடுங்கள் ஐயா, அடுத்த தவணையிலேயே உங்களைச் சாட்சியாக்கிவிடலாம் என்று தவணைக்குத் தவணை கேட்டார். அப்பா, தீபாவளிக்கு வருவான் என்றார். பிறகு, பொங்கலுக்கு வருவான் என்றார். சுதாகரனின் தொலைபேசி முதலில் எடுபடவில்லை. பிறகு அந்த இலக்கமே பாவனையில் இல்லை.

தோட்டத்தில் கதை வேறு மாதிரி ஓடியது. முதலில் வைரவன் ஏமாந்துவிட்டார் என்றார்கள். பிறகு, இத்தனை வருடம் வண்டி ஓட்டியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்றார்கள். கடைசியில் அது கள்ள வேன் என்றே பெயர் வாங்கிவிட்டது. அவர் மழையில் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த பிள்ளைகளில் சிலர் இப்போது பெற்றோர்கள். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். தன் பிள்ளையின் பெயரைக் காப்பாற்றச் சொன்ன ராக்காயி அத்தை, அதைக் கேட்டுக்கொண்டு பீலியில் தண்ணீர் பிடித்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் மகனைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு அது உறைத்தது. பொலிஸோ வழக்கோ அவரைப் பெரிதாகச் சுடவில்லை. ஒரு முறை என்னிடம் சொன்னார்:

"கோட்டுல நீதவான் ஐயா ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். இவன் செய்யலன்னு. அத இங்க வந்து நாலு பேருக்குக் காட்டிருவேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் போய் வந்தார். வேன் திரும்பி வரும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு தவணை நாள். சட்டையைப் போட்டுவிட்டு, காலில் சப்பாத்தை மாட்ட இஸ்தோப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பஸ் போய்விடும் என்று கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லாமல் வெளியே வந்து பார்த்திருக்கிறார். வாகனம் தேடி ஓடினார்கள். தோட்டத்து அம்புலன்ஸ் பழுதாகிக் கிடந்தது. கொழுந்து லொறியில் படுக்க வைத்துக் கொண்டு போனார்கள். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தார்கள்.

நான் வந்து சேர்ந்தபோது பெட்டியில் இருந்தார். இழவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டில்தான் சமைப்பார்கள். எங்களுக்குப் பக்கத்து வீடு ராக்காயி அத்தையின் வீடு. அவர் சமைத்த சோற்றை அம்மா தொடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

காரியங்கள் முடிந்ததும் சட்டத்தரணியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சுதாகரனின் பெயர், வத்தளை விலாசம், வேன் வந்த நாள். அவர் அதைப் பொலிஸுக்குக் கொடுத்தார். பொலிஸ் தேடியதில் சுதாகரன் பல மாதங்களுக்கு முன்பே வளைகுடா நாடொன்றுக்குப் போய்விட்டது தெரிந்தது. வத்தளை விலாசத்தில் ஒரு சலூன் இருந்தது. அவன் கையில் காசு கொடுத்தேன் என்று நேரடியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் என் அப்பா. நானும் அம்மாவும் சொல்வது வீட்டார் சொல்லாகத்தான் எடுபடும். காசு கையிலிருந்து கைக்குப் போனது, பத்திரத்தில் அவன் பெயர் எங்கும் இல்லை. லயத்தில் திருவிழாவுக்கு வேன் வந்ததைப் பார்த்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். நீதிமன்றத்துக்கு வர யாரும் தயாரில்லை. ராக்காயி பாவம் என்றார்கள். செத்தவருக்கு இனி என்ன என்றார்கள்.

அடுத்த தவணைக்கு நான் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டத்தரணி எழுந்து மரணச் சான்றிதழைக் கொடுத்தார். நீதவான் அதைப் படித்தார். சந்தேக நபர் இறந்துவிட்டதால் அவருக்கு எதிரான நடவடிக்கை முடிவுறுத்தப்படுகிறது என்றார். வேன் அரசுடைமை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் சுலக்ஷனாவிடம் கேட்டேன். அவர் குற்றம் செய்யவில்லை என்று எழுதி வாங்க முடியாதா?

"விசாரணை நடந்தாத்தான் அப்படி ஒரு தீர்ப்பு வரும் அக்கா. செத்தவங்கள விசாரிக்கிறதில்ல" என்றார். படியில் இறங்கும்போது, "அவரு கேட்டது ஒன்னுதான், அதக்கூட என்னால வாங்கிக் குடுக்க ஏலாமப் போச்சு" என்றார்.

பொலிஸ் நிலையத்தைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். நான் நின்று பார்க்கவில்லை. அந்த வேனில் எந்தெந்த மூட்டு இப்போது எப்படி அரித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது அம்மா இஸ்தோப்பில் இருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். வழக்கு முடிந்துவிட்டது என்றேன்.

"உங்கப்பா கள்ளத்தனம் பண்ணலன்னு சொன்னாங்களா?"

"சொல்லலம்மா."

"பண்ணுனாருன்னு சொன்னாங்களா?"

"அதுவும் சொல்லல. ஒன்னுமே சொல்லல."

அம்மா அதை விளங்கிக்கொள்ள முயன்றார். அவ்வளவு தவணை, அவ்வளவு பஸ், ஒன்றும் சொல்லவில்லை. மேல் முறையீடு என்று ஏதோ இருக்கிறதாமே என்றார். தீர்ப்பு இருந்தால்தான் மேல் முறையீடு என்றேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். வழக்கு என்ன ஆயிற்று என்று கங்காணி கேட்டாராம். முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னாராம். எப்படி முடிந்தது என்று கங்காணி கேட்கவில்லை. வரிசையில் நின்ற யாரும் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் தீர்ப்பை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தார்கள். அம்மாவை மேல் மலைக்கு அனுப்பினார்கள்.